ஏழு கிழமைப் பிள்ளைக்கு ஐந்து நாளாக மலம் போகவில்லை என்று கேட்ட தாய்க்கு

மகள், உங்கள் கேள்வியை ஒன்றுக்கு இரண்டு தடவை வாசித்தேன். பெரியகல்லாற்றில் இருக்கிறீர்கள், முதல் பிள்ளை, வயது ஏழு கிழமை, தாய்ப்பாலைத் தவிர வேறு எதுவும் கொடுத்ததில்லை. முதல் மாதம் முழுவதும் பால் குடிக்கும்போதெல்லாம் மலம் போன பிள்ளைக்கு இப்போது ஐந்து நாளாகப் போகவில்லை. அதற்கு முந்திய கிழமையில் மூன்று நாள் பச்சையாகவும் நுரையாகவும் போனது. பின்னேரமானால் முகம் சிவக்க முக்கி அழுகிறான். இது மாந்தம் என்று சொல்லி உங்கள் மாமி கிரைப் வோட்டர் வாங்கி வைத்திருக்கிறார். உங்கள் பால் பிள்ளைக்குச் செமிக்கவில்லை, பால்மாவுக்கு மாற்றினால் சரியாகிவிடும் என்று அயலவர்கள் சொல்கிறார்கள். பாலை நிறுத்தத்தான் வேண்டுமா என்று கேட்கிறீர்கள்.

நிறுத்த வேண்டாம். பிள்ளை ஆவலோடு பால் குடிக்கிறான், ஒரு நாளில் ஏழெட்டுத் தடவை சலம் போகிறான், வயிறு மெத்தென்று இருக்கிறது, சத்தி இல்லை என்று நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், உங்கள் பிள்ளை நலமாக இருப்பதாகவே நான் நினைக்கிறேன். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் தாய்சேய் கிளினிக்குகளில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். பச்சை மலம், நாட்கணக்கில் போகாத மலம், முக்கி அழும் பிள்ளை ஆகிய மூன்றையும் சொல்லிக் கலங்கி நின்ற தாய்மாரை எண்ணிக்கையில்லாமல் பார்த்திருக்கிறேன். உண்மையில் அஞ்ச வேண்டிய மலத்தைக் கண்டு அஞ்சி வந்த தாய்மாரோ மிகச் சிலர். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருப்பதால், உங்கள் பிள்ளைக்கு வேண்டிய பதிலோடு நிறுத்தாமல் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பிறந்த பிள்ளையின் முதல் மலம் தார் போலக் கறுத்து, துணியில் ஒட்டும். கருவில் இருந்தபோது விழுங்கிய பனிக்குட நீரும், குடலில் இருந்து உதிர்ந்தவையும், பித்தமும் சேர்ந்து திரண்டது அது. நிறைமாதத்தில் பிறந்த ஆரோக்கியமான பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் 24 மணித்தியாலத்துக்குள் அதைக் கழித்துவிடுவார்கள். 48 மணித்தியாலம் தாண்டியும் போகவில்லை என்றால் குடலைப் பரிசோதிக்க வேண்டும். சீம்பாலுக்கு இளக்கும் தன்மை இருப்பதால், பிறந்த உடனேயே மார்பில் போடப்பட்ட பிள்ளைக்கு இந்தக் கறுப்பு மலம் வேகமாகக் கழிந்துவிடும். மூன்றாம், நான்காம் நாளில் பச்சை கலந்த கபில நிறமாகி, ஐந்தாம் நாளளவில் கடுகை அரைத்துக் கரைத்தது போன்ற மஞ்சளாக, இடையிடையே சிறு வித்துகள் தெரியும்படி இளகி வரும். அந்த வித்துகளைச் செமியாத பால் என்று பலரும் காட்டிக் கவலைப்படுவார்கள். அது பாலின் கொழுப்பு திரண்டு நிற்பதுதான். எல்லாத் தாய்ப்பால் பிள்ளைகளிடமும் அப்படித்தான் இருக்கும். மணமும் நாற்றமாக இராது, புளித்த மோரின் மணத்தை ஒத்திருக்கும்.

முதல் மாதத்தில் நாளொன்றுக்கு மூன்று நான்கு தடவைக்குக் குறையாமல் மஞ்சள் மலம் போவது, பிள்ளைக்குப் போதிய பால் கிடைக்கிறது என்பதற்குக் கண்ணால் காணக்கூடிய சான்று. ஆகவே இதே ஐந்து நாள் கணக்கை இரண்டு கிழமைப் பிள்ளையைப் பற்றி யாராவது என்னிடம் சொல்லியிருந்தால், இன்றைக்கே கொண்டுபோய் நிறையை நிறுத்துப் பாருங்கள் என்று சொல்லியிருப்பேன், ஏனென்றால் அந்த வயதில் மலம் குறைவது பெரும்பாலும் பால் குறைவாக உள்ளே போவதையே காட்டும். ஆறு கிழமைக்குப் பிறகு நிலைமை வேறு. சீம்பாலின் இளக்கும் தன்மை போய்விடுகிறது. குடல் முதிர்ந்து, உள்ளே வந்ததை ஆறுதலாக உறிஞ்சப் பழகிவிடுகிறது. தாய்ப்பாலில் கழிவாக மிஞ்சுவதும் மிகக் குறைவு. அதனால் ஒரு நாளைக்கு எட்டுத் தடவை போன பிள்ளை திடீரென்று நான்கு, ஐந்து நாளுக்கு ஒருமுறை போகத் தொடங்கும். ஏழு முதல் பத்து நாள் வரை இடைவெளி விட்ட பிள்ளைகளும் நல்ல நிறையோடு வளர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். இதை மலச்சிக்கல் என்று சொல்லக் கூடாது. மலச்சிக்கலுக்கு அடையாளம் நாட்கணக்கு அன்று, ஆட்டுப் புழுக்கை போல உருண்டு காய்ந்து வரும் மலமே. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளைக்கு அப்படி வருவது அரிது.

ஆனாலும் உங்கள் பிள்ளையைக் கண்ணால் காணாமல் எழுதுகிறேன் என்பதால் சிலவற்றை நீங்களே பார்க்க வேண்டும். கிளினிக் கொப்பியை எடுத்து, பிறந்த நிறையையும் கடைசியாக நிறுத்த நிறையையும் பாருங்கள். முதல் மூன்று மாதத்தில் ஒரு நாளைக்கு 20 முதல் 30 கிராம் வரை ஏற வேண்டும். அதாவது கிழமைக்கு 150 கிராமாவது கூடியிருந்தால் நல்லது. வைத்தியசாலையில் இருந்த நாட்களில் முதல் மலம் எப்போது போனது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். அது இரண்டு நாளுக்கு மேல் தாமதமாகியிருந்து, இப்போது வயிறும் உப்பிக்கொண்டு வந்தால், குடலின் கடைசிப் பகுதியில் நரம்புக் கலங்கள் இல்லாமல் பிறக்கும் ஹேர்ஷ்ஸ்பிரங் நோயாக இருக்கலாம். பிள்ளை எப்போதும் தூங்கி வழிந்து, பால் குடிக்க எழுப்ப வேண்டியிருந்து, மஞ்சள் காமாலையும் நீடித்து, மலமும் போகாமல் இருந்தால் தைரொயிட் சுரப்பியின் குறைபாட்டைப் பற்றி நினைக்க வேண்டும். இவை இரண்டும் அபூர்வமானவைதான், ஆனால் காலத்தோடு கண்டுபிடித்தால் பிள்ளையின் வாழ்க்கையே மாறும் என்பதால் சொல்லி வைக்கிறேன்.

முக்கி அழுவதைப் பற்றி இனிச் சொல்கிறேன். மலம் கழிப்பதற்கு இரண்டு வேலை ஒரே நேரத்தில் நடக்க வேண்டும்: வயிற்றை இறுக்கி அமுக்க வேண்டும், கீழே உள்ள தசையைத் தளர்த்தவும் வேண்டும். பெரியவர்களுக்கு இது தன்பாட்டில் நடக்கிறது. சிறு பிள்ளைக்கு இந்த ஒத்திசைவு இன்னும் வரவில்லை. மேலே அமுக்கும்போது கீழேயும் இறுக்கிப் பிடித்துவிடும். அதனால் பத்து, இருபது நிமிடம் முகம் சிவந்து, காலை மடக்கி அழுது, கடைசியில் இளகிய மலத்தையே கழிக்கும், சில வேளை வெறும் காற்றோடு நின்றுவிடும். வந்த மலம் இளகியிருந்தால் அது நோயன்று, பிள்ளை பழகிக்கொண்டிருக்கிறது என்றே பொருள். இந்த இடத்தில்தான் நம் ஊர்களில் வெற்றிலைக் காம்பில் ஆமணக்கெண்ணெய் தடவி வைப்பார்கள், அல்லது சவர்க்காரத்தைச் சீவி வைப்பார்கள். தயவுசெய்து இரண்டையும் செய்ய விடாதீர்கள். சவர்க்காரம் குடலின் மெல்லிய தோலைப் புண்ணாக்கும், காம்பு கீறிவிடும், அதைவிட, வெளியிலிருந்து தூண்டினால்தான் கழிப்பது என்று பழகிய பிள்ளை தானாகக் கழிக்கக் கற்றுக்கொள்ளப் பிந்தும். முழங்காலை மடக்கி வயிற்றோடு சேர்த்து மெல்ல அணைத்துப் பிடியுங்கள், வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டுங்கள், அது போதும்.

பின்னேர அழுகை முழுவதும் மலத்தால் வருவதும் அன்று. எந்தக் குறையும் இல்லாத பிள்ளைகளும் இரண்டாம், மூன்றாம் கிழமையில் தொடங்கி ஆறாம் கிழமையளவில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானாகக் குறையும் அழுகையை அழுவார்கள். உங்கள் பிள்ளை அந்த உச்சத்தில் இருக்கிறான். மலம் போகாமல் இருப்பதும் அழுகையும் ஒரே கிழமையில் வந்ததால், ஒன்றுக்கு மற்றது காரணம் என்று வீட்டில் எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். அது இயல்பான எண்ணம்தான், ஆனால் சரியானதாக எனக்குத் தோன்றவில்லை.

பச்சை நுரை மலத்துக்கு நீங்கள் எழுதிய ஒரு வரியே விடை தருகிறது. மணிக்கூட்டைப் பார்த்துப் பத்து நிமிடத்துக்கு ஒரு மார்பாக மாற்றி மாற்றிக் கொடுக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். பால் ஊறி மார்பு நிறைந்திருக்கும்போது முதலில் வரும் பாலில் கொழுப்புக் குறைவு. மார்பு வெறுமையாக ஆக, கொழுப்புக் கூடிக்கொண்டு போகும். பாலில் உள்ள சீனியான லக்டோசின் அளவு மட்டும் முதலிலிருந்து கடைசி வரை பெரிதாக மாறாது; 100 மில்லிலீற்றரில் சுமார் 7 கிராம் இருக்கும். ஒரு மார்பு முடியுமுன் மற்றதுக்கு மாற்றினால், அதிகம் சுரக்கும் தாயின் பிள்ளைக்குக் கொழுப்புக் குறைந்த பாலே நிறையக் கிடைக்கும். கொழுப்புக் குறைந்த பால் குடலை வேகமாகக் கடந்து போவதால் லக்டோஸ் முழுவதும் செமிபாடடையாமல் கீழே போய்ப் புளிக்கிறது. அந்தப் புளிப்பில் எழும் காற்றுதான் நுரை. பித்தம் மஞ்சளாக மாற நேரமில்லாமல் பச்சையாகவே வெளியேறுகிறது. இது உங்கள் பாலின் குறை அன்று, பிள்ளைக்கு லக்டோஸ் ஒவ்வாது என்பதும் அன்று. பிறவியிலேயே லக்டோசைச் செமிக்க முடியாத பிள்ளைகள் உலகத்திலேயே மிகமிக அரிது. மணிக்கூட்டை மறந்து, ஒரு மார்பைப் பிள்ளை தானாக விடும் வரை கொடுங்கள். பிறகும் கேட்டால் மற்றதைக் கொடுங்கள். அடுத்த முறை மற்றதிலிருந்து தொடங்குங்கள். இரண்டு மூன்று நாளில் மாற்றம் தெரியும். இரும்புச்சத்துத் துளிகள் கொடுத்தாலும், தடிமன் பிடித்திருந்தாலும், ஒரு காரணமும் இல்லாமலும்கூடப் பச்சை வரலாம். நன்றாக வளரும் பிள்ளையில் எப்போதாவது வரும் பச்சையைப் பார்த்து நித்திரை கெடுக்க வேண்டாம்.

உங்கள் சாப்பாட்டைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். சரக்கு அரைத்த கறியும், பால்சுறா வறையும், முருங்கையிலையும் நம் ஊர்த் தாய்மாருக்குப் பரம்பரையாக வந்த நல்ல உணவுகள், சாப்பிடுங்கள். பிள்ளைக்கு வயிறு ஊதும் என்று மரக்கறியையும் பழத்தையும் பருப்பையும் ஒவ்வொன்றாக நிறுத்தி, ஒரு மாதம் வெறும் சோறும் மிளகுதண்ணீருமாக இருந்து சோர்ந்து போன தாய்மாரை நான் பார்த்திருக்கிறேன். அது தேவையில்லை. தாயின் சாப்பாடு மெய்யாகவே பிள்ளையின் குடலைத் தாக்குவது ஒரு சந்தர்ப்பத்தில்தான் முக்கியமாகிறது: மற்றபடி சுகமாக இருக்கும் பிள்ளையின் மலத்தில் சளியும் நூல் போன்ற இரத்தமும் திரும்பத் திரும்ப வந்தால், தாய் உட்கொள்ளும் மாட்டுப்பாலின் புரதம் பிள்ளைக்கு ஒவ்வாமல் இருக்கலாம். அப்போதும் தாய்ப்பாலை நிறுத்துவதில்லை. வைத்தியரிடம் காட்டி, அவர் சொன்னால் தாய் தன் உணவிலிருந்து பாலை இரண்டு முதல் நான்கு கிழமை விலக்கிப் பார்ப்பார். பால்மா போட்ட தேநீர், பிஸ்கட்டில் இருக்கும் பால், நம் மட்டக்களப்பு எருமைத் தயிர் எல்லாம் இதில் அடங்கும். மாட்டுப்பாலுக்கு ஒவ்வாத பிள்ளைக்கு எருமைப்பாலும் ஆட்டுப்பாலும் பெரும்பாலும் ஒவ்வாது. அந்த நாட்களில் சுண்ணாம்புச் சத்துக்கு முள்ளோடு நெத்தலியும் கீரையும் எள்ளும் சாப்பிடலாம்.

இரத்தம் என்றால் எல்லாம் ஒன்றன்று. தாயின் முலைக்காம்பு வெடித்திருந்தால் பிள்ளை விழுங்கும் இரத்தம் மலத்தைக் கறுப்பாக்கும்; அது தாயின் இரத்தம். ஆனால் முதல் நாட்களின் கறுப்பு முடிந்த பிறகு தார் போன்ற மலம் திரும்ப வந்தால், காரணத்தை வீட்டில் ஊகிக்காமல் காட்டிவிடுங்கள். விட்டுவிட்டுத் துடித்து அழுது, இடையில் வெளிறிச் சோர்ந்து, சத்தியும் எடுத்து, செந்நிற ஜெலி போன்ற மலமும் வந்தால் குடல் ஒன்றுக்குள் ஒன்று சொருகிக்கொண்டிருக்கலாம். சத்தி பச்சை நிறத்தில் வந்தால் குடல் முறுக்கிக்கொண்டிருக்கலாம். இந்த இரண்டுக்கும் மணித்தியாலங்கள்கூட முக்கியம். 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்சை அழையுங்கள், இரவானாலும் காத்திருக்க வேண்டாம்.

இனி நான் மிகவும் சொல்ல விரும்பியது. பல வருடத்துக்கு முன் படுவான்கரையில் இருந்து ஒரு பிள்ளையைத் தடுப்பூசிக்காகக் கொண்டுவந்தார்கள். கொழுகொழு என்றுதான் இருந்தது. கண்ணில் மெல்லிய மஞ்சள் இருந்ததால் மலத்தின் நிறத்தைக் கேட்டேன். "நல்ல வெள்ளை, பாலைத்தானே குடிக்கிறான், அதனால் மலமும் பால் நிறம்" என்று அம்மம்மா மகிழ்ச்சியோடு சொன்னார். அணையாடையை விரித்துப் பார்த்தால், மலம் சுவரில் பூசும் வெள்ளைக்களி போல இருந்தது. சலம் துணியில் தேயிலைச் சாயம் போலக் கறை பிடித்திருந்தது. பிள்ளைக்கு அப்போது மூன்று மாதம் முடிந்திருந்தது. ஈரலில் இருந்து பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுவரும் குழாய்கள் அடைபட்டுப் போகும் நோய் அது. மலத்துக்கு மஞ்சளும் பச்சையும் கபிலமும் தருவது பித்தம். பித்தம் குடலுக்கு வராவிட்டால் மலம் வெளிறிவிடும், தேங்கிய பித்தம் ஈரலை அரிக்கும். இதற்கு யப்பானிய சத்திரசிகிச்சை நிபுணர் மோரியோ கசாய் 1950களில் கண்ட சத்திரசிகிச்சை உண்டு. பிறந்து 60 நாளுக்குள் செய்தால் பயன் அதிகம். நாள் போகப் போகப் பயன் குறைந்துகொண்டே வரும். தாய்வான் நாட்டில் 2004ஆம் ஆண்டு முதல் பிறந்த பிள்ளை ஒவ்வொன்றின் பதிவேட்டிலும் மல நிறங்களின் படத்தை அச்சிட்டுக் கொடுத்து, இந்தப் பிள்ளைகளை முந்திக் கண்டுபிடிக்கிறார்கள். ஒரு தாய்க்கு நிறம் தெரிந்திருந்தால் போதும் என்பதுதான் அதன் அடிப்படை.

உங்கள் பிள்ளையின் மலம் பச்சையாகப் போனது என்று நீங்கள் எழுதியபோது எனக்கு ஒரு வகையில் ஆறுதலாக இருந்தது, ஏனென்றால் பச்சை என்றால் பித்தம் வருகிறது. வெள்ளை, வெளிர்ச் சாம்பல், மிகவும் வெளிறிய மஞ்சள் ஆகிய நிறங்களில் மலத்தைக் கண்டால், அல்லது 14 நாளுக்குப் பிறகும் கண்ணில் மஞ்சள் இருந்தால், அடுத்த கிளினிக் வரைக்கும் பொறுக்காமல் களுவாஞ்சிகுடியிலோ கல்முனையிலோ மட்டக்களப்பிலோ உள்ள வைத்தியசாலையில் பிள்ளை வைத்தியரிடம் காட்டுங்கள். இதை உங்கள் அயலில் பிள்ளை பெற்றிருக்கும் மற்றவர்களுக்கும் சொல்லுங்கள்.

வயிற்றோட்டத்தைத் தாய்ப்பால் பிள்ளையில் எண்ணிக்கையால் கண்டுபிடிக்க முடியாது. பிள்ளையின் வழக்கம் திடீரென்று மாறி, தண்ணீராக, நாற்றத்தோடு, சளியோடு போவதைக் கொண்டே அறிய வேண்டும். மார்கழி, தை மழையில் கிணறுகளில் வெள்ளம் ஏறும் காலத்தில் நம் பகுதியில் இது கூடும். 2011 ஜனவரி வெள்ளத்தின்போது முகாம்களில் மார்பை மட்டுமே நம்பிய பிள்ளைகளையும், போத்தலில் கரைத்த பால் குடித்த பிள்ளைகளையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தவள் நான். அந்த வேறுபாட்டை மறக்க மாட்டேன். வயிற்றோட்டம் வந்தால் பாலை இன்னும் அடிக்கடி கொடுங்கள். ஆறு மாதத்துக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு ஜீவனி என்ற உப்புச் சீனிக் கரைசலை வைத்தியரின் சொற்படி மட்டும் கொடுங்கள். மூன்று மாதம் நிரம்பாத பிள்ளைக்கு 38 பாகை செல்சியசோ அதற்கு மேலோ காய்ச்சல் இருந்தால் உடனே வைத்தியசாலை.

மாமி வாங்கிய கிரைப் வோட்டரைத் திறக்க வேண்டாம். 1851இல் இங்கிலாந்தில் வில்லியம் வூட்வார்ட் என்பவர் உருவாக்கிய அந்த மருந்தில் முதலில் மதுசாரமும் சீனியும் சோடாவும் சதகுப்பை எண்ணெயும் இருந்தன. இன்று பெரும்பாலானவற்றில் மதுசாரம் இல்லை என்றாலும், அழுகையைக் குறைக்கிறது என்பதற்கும் நல்ல சான்று இல்லை. ஆறு மாதம் வரை தாய்ப்பாலோடு தண்ணீர்கூடத் தேவையில்லாத பிள்ளைக்கு அது தேவையற்றது. பங்குனி, சித்திரை வெயிலிலும் அப்படித்தான், ஏனென்றால் தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்குக்கு மேல் தண்ணீர். வசம்பைச் சுட்டு உரைத்து நாவில் தடவுவதையும் விட்டுவிடுங்கள். அதில் உள்ள அசரோன் என்ற பொருள் நஞ்சுத் தன்மை உள்ளதால் 1968இலேயே அமெரிக்காவில் உணவில் சேர்ப்பதைத் தடை செய்தார்கள். மீன் பாடும் தேன்நாடு என்று பெயர் பெற்ற நம் மட்டக்களப்பில் பிறந்த பிள்ளைக்குத் தேன் தொட்டு வைக்காமல் இருப்பதா என்று கேட்பார்கள். நம் காட்டுத் தேன் நல்லதுதான், ஆனால் எந்தத் தேனிலும் இருக்கக்கூடிய பொட்டுலிச நுண்ணுயிரின் வித்திகள் ஒரு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையின் குடலில் முளைத்துத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். அந்த நோயின் முதல் அடையாளமே பல வேளைகளில் மலம் போகாமல் இருப்பதுதான். ஆகையால் யாராவது தேன் தொட்டு வைத்தார்களா என்று வீட்டில் விசாரியுங்கள். வைத்திருந்து, பிள்ளை பால் உறிஞ்சச் சோர்ந்தாலோ, அழுகுரல் மெலிந்தாலோ, கழுத்தும் கைகாலும் துவண்டாலோ உடனே கொண்டுபோங்கள்.

மாமியோடு முரண்பட வேண்டாம் மகள். அவர் பயத்தில் சொல்கிறார்; இந்தப் பதிலை அவருக்கும் வாசித்துக் காட்டுங்கள். பால் குடித்த பின் தோளில் போட்டு ஏவறை எடுப்பது, பின்னேர அழுகையில் தூக்கி நடப்பது, நீங்கள் ஒரு மணித்தியாலம் கண்ணயர விடுவது ஆகியவற்றை அவர் கையில் கொடுங்கள். இந்தக் கிழமைக்குள் உங்கள் பகுதி மிட்வைப்பிடம் பிள்ளையை நிறுத்துப் பாருங்கள். நிறை ஏறியிருந்தால் பத்து நாள் வரை பொறுத்திருக்கலாம். அதற்கு மேலும் போகவில்லை என்றால், அல்லது இடையில் வயிறு உப்பி இறுகினால், பால் மறுத்தால், சத்தி எடுத்தால், அன்றைக்கே காட்டுங்கள். மலம் கடைசியில் வரும்போது மிக அதிகமாக, இளகி, முதுகு வரை ஏறி, உடுப்பையெல்லாம் நனைத்து வரும். ஐந்து நாள் காத்திருந்த வீட்டில் அதைப் பார்த்து வயிற்றோட்டம் என்று பதறுவார்கள். அது சேர்ந்திருந்த மலம்தான். பகல் வெளிச்சத்தில் தொலைபேசியில் ஒரு படம் எடுத்து, நிறத்தைக் கிளினிக்கில் காட்டுங்கள். பிள்ளையைக் கழுவித் துடைத்து, அவன் கேட்டால் பாலைக் கொடுங்கள்.